கட்டுப் பிரித்த பிறகு

திருப்பூரில் என் சின்னம்மா வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே காப்பி வந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோதும் வந்தது. ஆனால் இடது கையில் வந்தது! எங்கள் பக்கத்தில் இடது கையால் காப்பி நீட்டினால் சண்டைக்கு அழைக்கிறார்கள் என்று அர்த்தம். நான் திகைத்துப் போய் நிமிர்ந்து பார்த்தேன். சின்னம்மாவின் வலது கை புடவைத் தலைப்புக்குள்ளே பதுங்கிக் கிடந்தது. "இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தை மடியில் வைத்துக் காப்பதுபோல, அந்தக் கையை வயிற்றோடு அணைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுப் பிரிச்சாச்சுன்னு சித்தப்பா சொன்னாரே, சின்னம்மா?"

"பிரிச்சு அஞ்சு வாரமாச்சு கண்ணு. அசைச்சா மறுக்கா ஒடஞ்சுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் பத்தரமா வெச்சிருக்கறேன்."

பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். பீரோவுக்குள் வைத்த பட்டுப் புடவை மாதிரி. மடிப்பு மடிப்பாக இற்றுப் போகிற அளவுக்குப் பத்திரம்!

விஷயம் இதுதான். துணி துவைக்கும் கல்லருகே கால் வழுக்கி, விழுகிற வேகத்தில் கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்து, "கூடிவிட்டது, போகலாம்" என்று கட்டைப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. எலும்பை அவர்கள் நன்றாகவே சேர்த்திருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீட்டில் மாத்திரை பெயர் எழுதியவர்கள், "நாளையிலிருந்து கையை இப்படி இப்படி அசைக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதாத அந்த வரியை அக்கம்பக்கத்தார் பூர்த்தி செய்துவிட்டார்கள். எதிர் வீட்டு ஆத்தா "ஆட்டாதே அம்மிணி" என்றாள். மாடி வீட்டுக்காரர் எண்ணெய் போட்டு உருவி இழுக்கும் ஒருவரின் விலாசம் கொடுத்தார். சித்தப்பாவோ புத்தூர்க் கட்டுக்கு ஆந்திராவரை போய் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராவதாக இருந்தால், "சரி, ஓய்வு எடுக்கட்டுமே" என்று விட்டுவிடலாம். சின்னம்மா ஓவர்லாக் டைலர். இருபத்தைந்து வருஷ சர்வீஸ். பனியன் கம்பெனியின் உள்ளே போய்ப் பார்த்திராத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை: நாம் உடுத்தும் பனியனையும் டீ ஷர்ட்டையும் உட்புறம் திருப்பினால், ஓரம் பிசிறு இல்லாமல் பின்னலாக ஒரு தையல் ஓடும். அதுதான் ஓவர்லாக். மெஷின் ஒரு பக்கம் ஓரத்தை வெட்டிக்கொண்டே மறுபக்கம் தைத்துக்கொண்டு போகும். கத்தி ஓடுகிற அந்த இடத்துக்குத் துணியை நேராகக் கொண்டு சேர்ப்பது வலது கையின் மணிக்கட்டு. தோள் மூட்டுகிறபோது அது ஒரு திருப்பு திரும்ப வேண்டும். கை வைக்கிற வளைவில் இன்னொரு திருப்பு. பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். எவ்வளவு இழுக்கலாம் என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும். சம்பளம் பீஸ் கணக்கு. கை ஓடினால்தான் காசு.

ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. சம்பளத்தில் 70 சதவீதம். வருஷத்தில் 91 நாள் வரையில். விழுந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தோம். பதினொரு வாரம் ஓடிவிட்டது. மிச்சம் இரண்டே வாரம்! கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் வேறு போன் செய்திருந்தார். ஆர்டர் சமயம், எத்தனை நாள் மெஷினைக் காலியாக வைப்பது, வேறு ஆளை உட்கார வைக்கட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டாராம்.

"அந்த மெசின்ல வேற ஒருத்தி உக்காந்துட்டா அப்பறம் எனக்கு ஏது கண்ணு எடம்?" என்றாள் சின்னம்மா. காப்பி டம்ளரை இடது கையால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்க விடவில்லை.

மறுநாளே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனேன். சின்னப் பெண், சின்னம்மாவின் மகளாக இருக்கலாம் என்கிற வயது. சின்னம்மா அவளை "டாக்டரம்மா" என்றாள். அவள் சின்னம்மாவை "அம்மா" என்றாள். முதலில் படத்தையும் சீட்டையும் வாங்கிப் பார்த்தாள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் எழுதியிருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையைத் தொட்டாள். நமக்கும் அது ஒரு பாடம். படம் பார்க்காமலே பயிற்சி சொல்லித் தருகிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு கட்டுமஸ்தான உடம்புக்காரராக இருந்தாலும், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பிறகு இரண்டு மட்டக்கோலை ஒரு ஆணியில் கோத்தது போன்ற கோணமானி ஒன்றை எடுத்தாள். இடது மணிக்கட்டு பின்பக்கமாக அறுபத்தைந்து டிகிரி வளைந்தது. வலது இருபதோடு நின்றுவிட்டது. கைப்பிடியின் பலத்தை அளக்க ஒரு கருவி உண்டு. அழுத்தினால் முள் நகரும். இடது கை இருபது கிலோ காட்டியது. வலது ஏழு. இன்னொரு சங்கதியையும் கண்டுபிடித்தாள்: வலது தோளும் பாதிதான் தூக்க வந்தது!

"தோள்ல அடியே படலீங்களே டாக்டரம்மா?"

"அடி படலைம்மா. பதினொரு வாரமா தூளியில தொங்கவிட்டிருக்கீங்க. அதுவும் தூங்கிடுச்சு."

கட்டுக்குள் இருந்தது மணிக்கட்டு மட்டும். விரல்களும் முழங்கையும் தோளும் வெளியேதான் இருந்தன. அவற்றை முதல் நாளிலிருந்தே ஆட்டிக்கொண்டிருந்தால் இந்த வினை வந்திராது. இதை வாசிக்கிற வீடுகளில் யாராவது இப்போது கையில் மாவுக்கட்டோடு இருந்தால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் வேண்டாமென்று சொல்லியிராத பட்சத்தில், விரல்களை மடக்கி விரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அசையாமல் வைத்த கைக்கு ஏன் இந்தக் கதி? மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. நாள்தோறும் நீட்டி மடக்கினால் அது மெல்லிய பின்னல் துணி மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். வாரக்கணக்கில் சும்மா விட்டால் சுருங்கித் தடித்து, கஞ்சி போட்ட காடா மாதிரி ஆகிவிடும். தசையும் அப்படித்தான். வேலை இல்லாத தசைக்கு உடம்பு சோறு போடாது, மளமளவென்று மெலிந்துவிடும். எலும்பு மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் உயிருள்ள வஸ்து. எந்தத் திசையில் பளு விழுகிறதோ அந்தத் திசையில் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. பளு விழாத இடத்தில் கரைந்துகொண்டே போகிறது. ஜெர்மானிய டாக்டர் ஜூலியஸ் வோல்ஃப் இதை 1892-லேயே எழுதி வைத்தார். சுனிதா வில்லியம்ஸை நமக்கெல்லாம் தெரியும். எட்டு நாள் பயணமென்று 2024 ஜூனில் விண்வெளிக்குப் போனவர், 2025 மார்ச்சில் அல்லவா திரும்பினார்! அங்கே உடம்புக்குப் பாரமே தெரியாது. எவ்வளவு சுகம் என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சுகத்தில் இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைந்துவிடும் என்பதால், அங்கே இருப்பவர்கள் தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தேகப்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். சின்னம்மாவின் தூளியும் ஒரு குட்டி விண்வெளிதான்.

முதல் வாரப் பயிற்சிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். "இதுக்கா கண்ணு காசு குடுக்கறோம்?" என்று என் காதில் கேட்டாள் சின்னம்மா. வெதுவெதுப்பான நீரில் கையைப் பத்து நிமிஷம் வைத்திருக்க வேண்டும். மேஜை ஓரத்தில் முன்னங்கையைப் படுக்க வைத்து, மணிக்கட்டை மட்டும் வெளியே தொங்கவிட்டு, மேலும் கீழும் மெதுவாக. பிறகு ஒரு குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை வானம் பார்க்கும்படி ஒரு திருப்பு, பூமி பார்க்கும்படி ஒரு திருப்பு. முழங்கை விலாவை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் தோள் திருட்டுத்தனமாக வேலையைச் செய்துவிடும். சுவரில் விரல்களால் எறும்பு ஊர்வதுபோல ஏறித் தோளை உயர்த்துவது ஒன்று. முன்னால் குனிந்து, கையைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி தொங்கவிட்டு ஆட்டுவது ஒன்று. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. தினம் நான்கு வேளை. ஆகாரத்துக்கு முன், ஆகாரத்துக்குப் பின் என்று மாத்திரை எழுதுகிற மாதிரியே ஒரு தாளில் எழுதி, அடுக்களைச் சுவரில் ஒட்டச் சொன்னாள் அந்தப் பெண்.

எவ்வளவு வலித்தால் நிறுத்த வேண்டும்? இதுதான் எல்லோருக்கும் பெரிய பயம். அவள் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. வலியே இல்லாததைப் பூஜ்யம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்துக்கொள்வது. செய்யும்போது மூன்று நான்கு வரை போகலாம். அது சுருங்கின உறை விரிகிற வலி. ஆனால் பயிற்சியின் உண்மையான மதிப்பெண் மறுநாள் காலையில்தான் தெரியும். எழுந்தவுடன் வலியும் வீக்கமும் நேற்றைவிட அதிகமாக இருந்தால், நேற்றுச் செய்தது அதிகம். இன்று குறைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்த வேண்டியதில்லை. நேற்றைப் போலவே இருந்தால் அளவு சரி. இன்னும் லேசாக இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். உப்புப் போட்டு ருசி பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகுமா?

எண்ணெய் போட்டு உருவுகிற விலாசத்தையும் அவளிடம் காட்டினேன். லேசாக எண்ணெய் தடவிக்கொள்வதில் தோஷமில்லையாம். பிறர் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்து முறுக்குவதுதான் ஆகாது. மூட்டு தானாகப் போகிற தூரம் வேறு, பிடித்துத் தள்ளுகிற தூரம் வேறு. தள்ளினால் உறை கிழிந்து வீங்கும், வீங்கினால் இன்னும் இறுகும். எலும்பைச் சேர்க்கிற புத்தூர்க்காரர்களின் கைப்பக்குவத்தைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஏற்கனவே சேர்ந்த எலும்புக்கு அங்கே போய் என்ன செய்வது? சித்தப்பாவின் ஆந்திரப் பயணம் ரத்தாயிற்று.

மூன்றாவது வாரம் வந்தது தண்ணீர்ப் பாட்டில். கால் லிட்டர் பாட்டிலை நிரப்பிப் பிடித்துக்கொண்டு அதே மணிக்கட்டுப் பயிற்சி. பத்துத் தடவை, ஓய்வு, பத்துத் தடவை, ஓய்வு, இன்னொரு பத்து. "அதென்ன எப்பப் பாத்தாலும் மூணு பத்து?" என்று சின்னம்மா கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அப்படித்தாம்மா புஸ்தகத்துல இருக்கு" என்றாள். புஸ்தகத்தில் எப்படி வந்தது என்று நான் தேடிப் பார்த்தேன். சுவாரசியமான கதை அகப்பட்டது.

அமெரிக்காவில் தாமஸ் டிலார்ம் என்று ஒரு டாக்டர். சிறு பையனாக இருந்தபோது வாதக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். எழுந்த பிறகு, தானே பளு செய்து வைத்துக்கொண்டு, தூக்கித் தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார். பிறகு டாக்டருக்குப் படித்து, இரண்டாவது உலக யுத்தத்தின்போது சிகாகோவில் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்தார். முழங்கால் உடைந்த சிப்பாய்கள், தொடை எலும்பு முறிந்த சிப்பாய்கள் என்று கட்டில்கள் நிரம்பி வழிந்தன. அந்தக் காலத்து வழக்கப்படி, லேசான பளுவை நூறு தரம் ஆட்டச் சொல்வார்கள். கால் தேறவில்லை, கட்டிலும் காலியாகவில்லை. டிலார்ம் தன் சிறுவயது அனுபவத்தை நினைத்துத் துணிந்தார். பத்துத் தடவைக்கு மேல் ஒருவனால் தூக்க முடியாத பளு எதுவோ அதுதான் அவனுடைய அளவு. பலம் ஏற ஏற அளவையும் ஏற்று. 1945-ல் இதை எழுதினார். முதலில் ஏழு முதல் பத்துச் சுற்று என்று வைத்தவர், அது அதிகம் என்று கண்டு, 1948-ல் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து மூன்றே சுற்றாகக் குறைத்தார். முதல் சுற்று அந்த அளவில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழுசு. உலகத்தில் உள்ள தேகப்பயிற்சிக் கூடங்களிலெல்லாம் இன்று ஓதுகிற 'மூன்று பத்து' மந்திரம் அங்கிருந்து புறப்பட்டது. அது திருப்பூரில் ஒரு அடுக்களைச் சுவர் வரை வந்து சேர்ந்திருக்கிறது!

நம் ஊரிலும் இந்தச் சரித்திரம் உண்டு. அதில் நடுநாயகமாக இருப்பவர் ஒரு பெண். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களையும் இழந்தவர் போலானார். இனி டாக்டர் தொழில் ஏது என்று எல்லோரும் நினைத்த சமயம், அங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆப்பரேஷன் செய்துவந்த பால் பிராண்ட், கை ஆப்பரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி வர்கீஸ் கத்தி பிடித்தார். அதோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் ஹோவார்ட் ரஸ்க்கின் புனர்வாழ்வு நிலையத்துக்குப் போய், அடிபட்ட உடம்பைப் பயிற்சியால் மீட்கும் வித்தையைப் படித்துவிட்டுத் திரும்பினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறந்தபோது அதை நடத்தியவர் அவர்தான். 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சின்னம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கரண்டியைத் திருப்புவதை நிறுத்தாமலே கேட்டாள். "அந்தம்மாளுக்குச் சமைச்சுப் போட ஆள் இருந்திருப்பாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. பயிற்சிக்குக் குறுக்கே நின்றது வலியா? இல்லை, வீடு. காலையில் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் சட்னி யார் அரைப்பது? முதல் வாரம் நாலு வேளைப் பயிற்சி இரண்டு வேளையாகத்தான் நடந்தது. அந்தப் பெண் தாளில் டிக் போடாத இடங்களைப் பார்த்துவிட்டு, சின்னம்மாவைக் கோபிக்கவில்லை. சித்தப்பாவை வரச் சொன்னாள்! அடுத்த முறை சித்தப்பா வந்தார். என்ன பேசினாளோ தெரியாது. அன்று முதல் காலைக் காப்பி சித்தப்பா கையில். அந்தக் காப்பியைப் பற்றி எழுதினால் குடும்பத்தில் சமாதானம் கெடும், விட்டுவிடுகிறேன். அதே நேரம், கைக்கு ஏற்ற வீட்டு வேலைகளையே மருந்தாகவும் கொடுத்தாள். ஆறாவது வாரம் சப்பாத்தி மாவு பிசையலாம். உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுவதுதான் மணிக்கட்டுக்குத் தேவையான பயிற்சி. கதவுப் பிடியைத் திருகலாம். ஈரப் புடவையைப் பிழிவது மட்டும் கடைசிப் பரீட்சை; அனுமதி கிடைக்கும்வரை தொடக் கூடாது.

91 நாள் முடிந்தபோது கை பாதி தூரம்கூட வரவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் பழைய வேகம் வராது. வேகத்துக்காகக் கையை வதைத்தால் இதுவரை வந்ததும் போய்விடும். பிசியோதெரபிஸ்ட் பெண்ணே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்: இன்னும் எட்டு வாரத்துக்கு இலேசான வேலை, ஒரு ஷிப்டுக்கு மேல் கூடாது, மணிக்கொரு தரம் ஐந்து நிமிஷம் கைக்கு ஓய்வு. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது மூச்சு விடுவது மாதிரி சகஜம். அங்கே போய் 'ஒரு ஷிப்டுக்கு மேல் கூடாது' என்று சீட்டு நீட்டுவதற்குச் சின்னம்மா ரொம்பவும் தயங்கினாள். ஆனால் சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார். செக்கிங் டேபிளில் நிற்கச் சொன்னார்கள். தைத்து வருகிற பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து எடுக்கிற வேலை. சம்பளம் குறைவு. இருபத்தைந்து வருஷம் மற்றவர்கள் செக் பண்ணும்படி தைத்தவள், சின்னப் பெண்களோடு நின்று செக் பண்ணுவதா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "என்ர மெசின்ல உக்காந்திருக்கறவ கை வைக்கிற எடத்துல துணிய இழுத்துப் புடிக்கறா கண்ணு. துவைச்சாச் சுருக்கம் விழுகும். போய்ச் சொல்லிட்டு வந்தேன்" என்று போன் செய்தாள். எனக்கு நிம்மதியாயிற்று.

இந்த ஈ.எஸ்.ஐ. விஷயத்தில் தெரிந்து வைத்துக்கொள்ள ஒன்று. சின்னம்மா வீட்டில் விழுந்ததால் நோய்க்கால உதவிதான் கிடைத்தது. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால், வேலையினால் வந்த காயம் என்று அது தனிக் கணக்கு; சம்பளத்தில் 90 சதவீதம், குணமாகி வேலைக்குத் திரும்பும்வரை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் நேர்கிற விபத்தையும் 2010-ல் இந்தக் கணக்கில் சேர்த்தார்கள். கம்பெனி வேனிலும் ஸ்கூட்டரிலும் போய் வருகிற பெண்கள், வழியில் விழுந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே கம்பெனியில் சொல்லி எழுதி வைக்கச் செய்ய வேண்டும். நடந்தது எங்கே என்பதில் இத்தனை வித்தியாசம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. இல்லாத வீடுகளுக்கு, தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருகிறதே, அந்தத் திட்டம்தான். நடமாட முடியாதவர்களுக்கு பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருவார் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

செக்கிங் டேபிளில் நின்ற நாட்களில் சின்னம்மாவைச் சுற்றி ஒரு சின்ன ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. ஒருத்திக்குக் கழுத்து. ஒருத்திக்குக் கட்டை விரல் அடியில் சுளீர் என்று வலி. நாளெல்லாம் கத்தரிக்கோலால் பிசிறு வெட்டுகிறவள். அயர்ன் மாஸ்டருக்குத் தோள். இதெல்லாம் இன்று நேற்று வந்ததில்லை. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளிகளின் வியாதிகளைப் பற்றி 1700-ல் ஒரு புத்தகமே போட்டார். நெசவாளிகளும் தையற்காரர்களும் அதில் இருக்கிறார்கள். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் விடுமுறை நாளிலாவது தேகாப்பியாசம் செய்ய வேண்டும் என்று அவர் யோசனை சொல்லியிருக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. திருப்பூரில் விடுமுறை நாளில் துணி துவைக்கிறோம். துவைக்கிற கல்லில் வழுக்கி விழுகிறோம்.

மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் சின்னம்மா தன் தாளையே காட்டிப் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்து, முதல் தடவையாகக் கடிந்துகொண்டாள். ஒருவருடைய மூக்குக்கண்ணாடியை இன்னொருவர் போட்டுக்கொள்வது போலத்தான் இதுவும். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அடியே படாமல் தோள் தானாக இறுகிப்போவதுண்டு. அதற்கு நடைமுறை வேறு. கட்டை விரல் நரம்பு வீங்கியவளுக்குப் பயிற்சிக்கு முன் ஓய்வு வேண்டும். சிலவற்றைப் பார்த்தால் பயிற்சியை ஒத்திப்போட்டு டாக்டரிடமே ஓட வேண்டும்: விரல்கள் மரத்துப்போய்ப் பொருள் நழுவுவது, இரவில் தூங்க விடாத வலி, காய்ச்சலோடு சிவந்து வீங்கின மூட்டு, அடிபட்ட காலில் கெண்டைச்சதை திடீரென்று வீங்கி வலிப்பது. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு கை முழுவதும் எரிச்சலெடுத்து, தோல் பளபளவென்று நிறம் மாறினால், அது வேறொரு உபத்திரவத்தின் அடையாளம். நாள் கடத்தக் கூடாது.

இன்னொன்றையும் அவள் கேட்டாள், அது எனக்குத் தோன்றவே இல்லை. "அம்மாவுக்கு மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?" ஐந்து வருஷம். நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிகிறதென்றால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமாம். மணிக்கட்டு முதல் எச்சரிக்கை. அதை அசட்டை செய்தால் பத்து வருஷம் கழித்து இடுப்பு எலும்பு முறியலாம். சோதித்ததில் மெலிந்துதான் இருந்தது. மருந்து ஆரம்பித்தார்கள். அத்தோடு கால்களுக்கும் பயிற்சி சேர்ந்தது: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. மறுபடி விழாமல் இருப்பதற்கு.

பத்தாவது வாரம் கைப்பிடியின் முள் பதினாறு காட்டியது. மணிக்கட்டு ஐம்பது டிகிரி. முழுசாகத் திரும்ப இன்னும் மாதங்கள் ஆகும், கடைசிப் பத்து டிகிரி வராமலே போனாலும் போகலாம் என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். "தைக்க எத்தன வேணும்?" என்று சின்னம்மா கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஓவர்லாக் மெஷினை அவள் பார்த்ததே இல்லை! ஆகவே ஒரு நாள் மத்தியானம் கம்பெனிக்கே வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, கோணமானியை வைத்து, ஒரு டைலர் கை வைக்கும்போது மணிக்கட்டு எங்கே போகிறது என்று பார்த்தாள். நாற்பதுக்குள் அடங்கிவிட்டது. மெஷின் டேபிளைவிட ஸ்டூல் தாழ்வாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் வரை செக்கிங், மத்தியானத்துக்கு மேல் ஓவர்லாக் என்று ஏற்பாடாயிற்று.

போன வாரம் மறுபடி திருப்பூர் போயிருந்தேன். சின்னம்மா இப்போது முழு நாளும் மெஷினில்தான் இருக்கிறாள், ஒரே ஷிப்ட். காப்பி வலது கையில் வந்தது. தளும்பத் தளும்ப நிரப்பி, வேண்டுமென்றே மெதுவாகக் கொண்டுவந்து நீட்டினாள். அடுக்களைச் சுவரில் தாள் அப்படியே இருந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொன்று.

"இன்னுமா சின்னம்மா?"

"அந்தப் புள்ள விட்டாத்தானே! கால் லிட்டர்ல ஆரம்பிச்சு இப்ப ஒண்ணரை லிட்டருக்குக் கொண்டாந்துட்டா. வாரத்துக்கு மூணு நாளாவது பண்ணோணுமாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "புடவை பிழிய விட்டுட்டா கண்ணு, நேத்திக்குத்தான். ஆனா உங்க சித்தப்பாகிட்டச் சொல்லிப்போடாதே. இன்னம் ரெண்டு மாசம் அவரே பிழியட்டும்" என்றாள்.